தேவ பிரசன்னம்: கீழ்ப்படிதலும் விக்கிரகாராதனையும் அதை எப்படித் தொடுகின்றன?

"இன்றைக்கு ஆராதனையில் பிரசன்னம் பலமாக இருந்தது" என்கிறார் ஒருவர். "என் வாழ்க்கையில் தேவ பிரசன்னமே இல்லாமல் போய்விட்டது" என்று அழுகிறார் இன்னொருவர். சபைக்குப் புதிதாக வந்தவருக்கு இரண்டும் குழப்பம். தேவன் எங்கும் இருக்கிறவர் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கும் இருக்கிறவர் ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் இல்லாமலும் எப்படி இருப்பார்?

பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் "சமுகம்" என்று வரும் இடங்களில் பெரும்பாலும் எபிரெயத்தில் இருக்கும் சொல் "பானீம்". அதன் நேர்ப்பொருள் முகம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருக்கிற இரண்டு பேர் மாதக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் முகம் இல்லை. வேதம் பேசுகிற பிரசன்னத்தையும் மூன்று நிலைகளில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தேவன் எங்கும் நிறைந்திருப்பது. "உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்?" என்று 139ஆம் சங்கீதம் கேட்பது இதைத்தான். யோனா கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடத்தான் தர்ஷீசுக்குக் கப்பலேறினான். மீனின் வயிற்றிலும் அவர் கேட்டார். இந்தப் பிரசன்னத்தை யாருடைய பாவமும் குறைக்காது. இரண்டாவது, உடன்படிக்கையின்படி தம் ஜனத்தின் நடுவே அவர் வாசம்பண்ணுவது: ஆசரிப்புக் கூடாரத்தில், ஆலயத்தில், பின்பு கிறிஸ்துவில், அவருடைய சபையில். மூன்றாவது, அந்த வாசத்துக்குள் இருக்கிறவர் அனுபவிக்கிற ஐக்கியம், முகங்கொடுத்தல். கீழ்ப்படியாமையும் விக்கிரகாராதனையும் தொடுவது இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும். பிரசங்கங்களில் மூன்றையும் கலந்து பேசுவதால்தான் புதிய விசுவாசிகள் "தேவன் என்னை விட்டுப் போய்விட்டாரா?" என்று தேவையில்லாமல் நடுங்குகிறார்கள், அல்லது "அவர்தான் எங்கும் இருக்கிறாரே" என்று தேவையான நடுக்கத்தையும் தொலைத்துவிடுகிறார்கள்.

கன்றுக்குட்டிக்கு இருபுறமும் கூடாரம்

இந்தப் பாடத்தைத் தொடங்க யாத்திராகமத்தின் பின்பாதியைவிட நல்ல இடம் இல்லை. 25 முதல் 31 வரையுள்ள அதிகாரங்களில் தேவன் ஆசரிப்புக் கூடாரத்துக்கான அளவுகளைக் கொடுக்கிறார். 35 முதல் 40 வரை அது கட்டப்படுகிறது. நடுவில் 32, 33, 34 ஆகிய மூன்று அதிகாரங்கள் பொன் கன்றுக்குட்டியின் கதை. மலைமேல் 40 நாள் மோசே தேவன் வாசம்பண்ணப்போகும் இடத்தின் மாதிரியைப் பெற்றுக்கொண்டிருந்தபோது, அடிவாரத்தில் ஜனங்கள் காதணிகளைக் கழற்றி வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் வேறு தெய்வத்தின் பெயரைச் சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆரோன் சொன்னது: "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை." அதாவது கர்த்தருடைய பெயரில், அவர் சொல்லாத முறையில், தங்கள் கைக்கு அடங்கும் உருவத்தில் ஒரு ஆராதனை. முதல் கட்டளை "யாரை" என்பதைப் பற்றியது. சொரூபம் செய்யக்கூடாது என்ற கட்டளை "எப்படி" என்பதைப் பற்றியது. (கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இந்த இரண்டையும் முதல் கட்டளையாகவே எண்ணுகிறார்கள், சிஎஸ்ஐ உள்ளிட்ட மற்றப் பல சபைகள் தனித்தனியாக எண்ணுகின்றன. உபதேச வகுப்பில் எண்கள் மாறி வந்தால் பயப்பட வேண்டாம்.) சத்தமில்லாத தெய்வம், நம்மைக் கேள்வி கேட்காத தெய்வம், காத்திருக்க வைக்காத தெய்வம் வேண்டும் என்பதுதான் அந்தக் கன்றுக்குட்டியின் உள்ளே இருந்த ஆசை. மோசே இறங்கி வரத் தாமதித்தது அவர்களால் தாங்கமுடியவில்லை.

விளைவு என்ன? அன்று ஏறக்குறைய 3,000 பேர் விழுந்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைவிடக் கூர்மையானது 33ஆம் அதிகாரத்தின் தொடக்கம். தேவன் வாக்குத்தத்தத்தை ரத்து செய்யவில்லை. பாலும் தேனும் ஓடுகிற தேசம் கிடைக்கும், முன்னே ஒரு தூதன் போவான், எதிரிகள் துரத்தப்படுவார்கள். ஆனால் "நான் உங்கள் நடுவே வரமாட்டேன்" என்கிறார். ஆசீர்வாதம் முழுதும் உண்டு, அவர் மட்டும் இல்லை. ஜனங்கள் இதைக் கேட்டுத் துக்கித்து, ஆபரணங்களைக் கழற்றிப்போட்டார்கள். மோசேயோ, "உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்" என்றான் (33:15).

உங்கள் உள்ளத்தைச் சோதிக்க இதைவிட நேரான கேள்வி கிடையாது. வேலை, வீடு, சுகம், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் தருகிறேன், நான் வரமாட்டேன் என்று அவர் சொன்னால், அந்தச் செய்தி நமக்குத் துக்கச் செய்தியா? பதில் சொல்லத் தயக்கம் வந்தால், விக்கிரகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

பிறகு மன்னிப்பு வந்தது. தேவன் வராமலிருக்கக் காரணமாகச் சொன்னது "வணங்காக் கழுத்துள்ள ஜனம்" என்பதை. அடுத்த அதிகாரத்தில் மோசே அதே காரணத்தையே சொல்லி, ஆகையால் எங்கள் நடுவே வாரும், எங்களை மன்னியும் என்று கேட்கிறான் (34:9). பாவிகள் என்பதால் அவர் வரக்கூடாது என்பதிலிருந்து, பாவிகள் என்பதால்தான் அவர் வந்தே ஆகவேண்டும் என்பதற்கு அந்த ஜெபம் நகர்கிறது. சுவிசேஷத்தின் சுவாசம் அங்கேயே கேட்கிறது. அதன்பின் அதே ஜனம், மீதமிருந்த காதணிகளையும் மோதிரங்களையும் மனமுவந்து கூடாரத்துக்குக் கொண்டுவந்தது (35:22). கன்றுக்குட்டியானதும் காதணிப் பொன்தான். கூடாரத்துக்குப் போனதும் அதுதான்.

கடைசி அதிகாரத்தில், ஒவ்வொரு பொருளையும் மோசே அதனதன் இடத்தில் வைக்கும்போது "கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே" என்ற வரி 19ஆம் வசனத்திலிருந்து 32ஆம் வசனம்வரை ஏழு முறை வருகிறது. அதை அடுத்து, 34ஆம் வசனத்தில் மேகம் கூடாரத்தை மூடுகிறது. கர்த்தருடைய மகிமை வாசஸ்தலத்தை நிரப்புகிறது. கன்றுக்குட்டி "எங்களுக்குத் தோன்றியபடி" செய்யப்பட்டது; கூடாரம் "அவர் கற்பித்தபடி" செய்யப்பட்டது.

பெட்டியின் அமைப்பைப் பாருங்கள்

இங்கே ஒரு ஆபத்து உண்டு. "அப்படியானால் சரியாகக் கீழ்ப்படிந்தால் பிரசன்னம் கிடைக்கும், கீழ்ப்படிதல்தான் விலை" என்று புரிந்துகொள்வது. இந்தத் தவறான புரிதல் சபைகளில் மிக அதிகம். அது மனிதரை ஒன்று பெருமையில் தள்ளும், இல்லையென்றால் ஓயாத குற்றவுணர்வில் தள்ளும்.

கூடாரத்தின் உள்ளறையில் இருந்த உடன்படிக்கைப் பெட்டியே இதற்குப் பதில். சீத்திம் மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடியது. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். ஒரு முழத்தை ஏறக்குறைய 45 செ.மீ. என்று கொண்டால் சுமார் 112 செ.மீ. நீளம், 67 செ.மீ. அகலம்; வீட்டிலுள்ள நடுத்தர டிரங்குப் பெட்டி அளவு. அதன் உள்ளே கற்பனைகள் எழுதிய கற்பலகைகள். மேலே பசும்பொன்னாலான மூடியாகிய கிருபாசனம், அதன் இரு ஓரங்களிலும் செட்டைகளுள்ள கேருபீன்களின் உருவங்கள். தேவன் பேசுவேன் என்று சொன்ன இடம் அந்த இரண்டு கேருபீன்களுக்கும் நடுவே (யாத்திராகமம் 25:22). ஆக மேலே பிரசன்னம், கீழே பலகைகள். ஜனங்கள் மீறிய கட்டளைகளின் மீதுதான் தேவன் இறங்கியிருக்கிறார். அப்படியானால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? இரண்டுக்கும் நடுவே இருந்தது கிருபாசனம். பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் அதன்மேலும், அதற்கு முன்பாக ஏழு தரமும் இரத்தத்தைத் தெளித்தான் (லேவியராகமம் 16:14).

கட்டளையைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் வரவில்லை; பலகைகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. கட்டளையைக் குறைவில்லாமல் கைக்கொண்டார்கள் என்பதற்காகவும் அவர் வரவில்லை, இரத்தம் தேவைப்பட்டது. பிரசன்னம் கிருபையினால் வருகிறது, கீழ்ப்படிதல் அந்தப் பிரசன்னத்தோடு சேர்ந்து வாழும் முறை. பத்துக் கட்டளைகளின் முன்னுரையும் இதே வரிசைதான்: எகிப்திலிருந்து விடுவித்தது முதலில், "உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்பது அதற்குப் பிறகு. செங்கடலைக் கடப்பதற்குமுன் அவர்களிடம் கட்டளைத் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை.

பாதிக் கீழ்ப்படிதல் ஏன் விக்கிரகாராதனை ஆகிறது

சவுல் ராஜாவின் கதையில் இரண்டு சொற்களும் ஒரே வசனத்தில் சந்திக்கின்றன. அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் சவுல் பெரும்பகுதியைச் செய்தான். ராஜா ஆகாகையும், ஆடுமாடுகளில் முதல்தரமானவற்றையும் மட்டும் தப்பவைத்தான். (அந்த யுத்தக் கட்டளை தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டிய கடினமான பகுதி; இங்கே சவுலின் உள்ளத்தை மட்டும் பார்ப்போம்.) சாமுவேல் வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்பது. அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்டார் சாமுவேல். அவை பலியிடுவதற்கு என்றான் சவுல்.

பதில் நமக்கு மனப்பாடம்: பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம். மனப்பாடம் ஆகாதது அடுத்த வசனம்: முரட்டாட்டம் விக்கிரகாராதனைக்குச் சரியாயிருக்கிறது (1 சாமுவேல் 15:23). ஏன்? எதைக் கீழ்ப்படியலாம், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கிற இருக்கையில் சவுல் உட்கார்ந்துவிட்டான். அந்த இருக்கை தேவனுடையது. அதே அதிகாரத்தில் அவன் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான் என்றும் (வசனம் 12), ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று ஒத்துக்கொண்டான் என்றும் (வசனம் 24) இருக்கிறது. சொந்தப் பெயர், ஜனங்களின் அபிப்பிராயம்: சிலை இல்லாத இரண்டு விக்கிரகங்கள். அடுத்த அதிகாரத்தில் கர்த்தருடைய ஆவி சவுலை விட்டு நீங்கினார் என்று வாசிக்கிறோம். தாவீது அதைக் கண்ணால் கண்டவன். தானே பாவத்தில் விழுந்தபோது, "உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலும் இரும்" என்று அவன் கெஞ்சியது (சங்கீதம் 51:11) வெறும் பக்திச் சொல் அல்ல.

பிரசன்னத்தின் அடையாளமே விக்கிரகம் ஆவதும் உண்டு. ஏலியின் நாட்களில் பெலிஸ்தரிடம் 4,000 பேரை இழந்ததும், இஸ்ரவேலர் மனந்திரும்புவதற்குப் பதிலாகப் பெட்டியை யுத்தகளத்துக்குத் தூக்கி வந்தார்கள். பெட்டி இருந்தால் ஜெயம் என்று ஆர்ப்பரித்தார்கள். 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது (1 சாமுவேல் 4). மோசே வனாந்தரத்தில் தேவன் சொல்லித்தான் வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தான். பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியதால் எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). தேவன் கொடுத்த பொருளேகூட, அவரைக் கேட்காமல் அவருடைய பலனை வாங்கித் தரும் கருவியாக மாறலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டை நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை ஒருமுறைகூட வாசிக்காமல், அதிலுள்ள கட்டளையை விட்டுவிட்டு, பீரோ கதவில் ஒட்டிய அட்டை வருஷமெல்லாம் காக்கும் என்று நம்பினால், அது அன்று எபெனேசர் யுத்தகளத்துக்குக் கொண்டுபோன பெட்டி. ஜெப எண்ணெய்க் குப்பிக்கும் இதையே சொல்ல வேண்டும்.

மகிமை புறப்பட்டுப் போன விதம்

எசேக்கியேல் 8 முதல் 11 வரை ஒரே அமர்வில் வாசியுங்கள். அரை மணி நேரம் போதும். காலம் கி.மு. 592. எசேக்கியேல் பாபிலோனில் சிறைப்பட்டவர்களோடு இருக்கிறார். தரிசனத்தில் எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். வடக்கு வாசலில் ஒரு விக்கிரகம். உள்ளே, இருட்டறையில், சுவரெங்கும் ஊரும் பிராணிகளின் சித்திரங்கள். அவற்றுக்கு 70 மூப்பர்கள் தூபங்காட்டுகிறார்கள், "கர்த்தர் எங்களைப் பார்க்கிறதில்லை" என்று சொல்லிக்கொண்டே. தம்மூசு என்ற பாபிலோனியத் தெய்வத்துக்காக அழும் ஸ்திரீகள். கடைசியாக, ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனை வணங்கும் ஏறக்குறைய 25 பேர். இவ்வளவும் நடப்பது கர்த்தருடைய வீட்டுக்குள்ளேயே. "நான் என் பரிசுத்த ஸ்தலத்தை விட்டுத் தூரமாய்ப் போகும்படிக்கு" இதைச் செய்கிறார்கள் என்கிறார் தேவன்.

பிறகு மகிமை புறப்படுகிறது. ஒரே பாய்ச்சலில் அல்ல. கேருபீனை விட்டு ஆலய வாசற்படிக்கு வருகிறது. அங்கே நிற்கிறது. வாசற்படியிலிருந்து கிழக்கு வாசலுக்கு. அங்கேயும் நிற்கிறது. கடைசியில் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மலைமேல் போய் நிற்கிறது. போக மனமில்லாதவர் வாசல்தோறும் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கிறது அந்த விவரிப்பு. சில ஆண்டுகளில், கி.மு. 586 வாக்கில், பாபிலோனியர் ஆலயத்தை எரித்தார்கள். ஆனால் மகிமை அதற்கு முன்பே போயிருந்தது. ஆராதனை மட்டும் அந்த இடைவெளியிலும் நடந்துகொண்டிருந்தது. சிம்சோனைப் பற்றியும் இதேதான் எழுதியிருக்கிறது: கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அவன் அறியவில்லை. அதே எசேக்கியேலின் 43ஆம் அதிகாரத்தில் மகிமை எந்தக் கிழக்கு வாசல் வழியாகப் போனதோ அதன் வழியாகவே திரும்பி வருகிறது.

இயேசுவுக்குப் பிறகு என்ன மாறியது

யோவான் 1:14இல் வார்த்தை மாம்சமாகி "நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்ற இடத்தில் கிரேக்கச் சொல்லின் பொருள் கூடாரம் போட்டுத் தங்கினார் என்பது. சிலுவையில் இரத்தம் சிந்தப்பட்டது, திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது, பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் ஒவ்வொருவர்மேலும் இறங்கினார். இப்போது ஆலயம் என்பது விசுவாசிகளே.

இதனால் நம் கேள்விக்கு வரும் பதிலும் மாறுகிறது. கொரிந்துவில் வேசித்தனத்தில் சிக்கியிருந்தவர்களுக்குப் பவுல் எழுதும்போது, "ஒழுங்காக நடங்கள், அப்போது உங்கள் சரீரம் ஆலயமாகும்" என்று சொல்லவில்லை. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று அறியீர்களா, ஆகையால் வேசித்தனத்துக்கு விலகி ஓடுங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 6:18-20). ஆவியானவர் விசுவாசத்தினால் தரப்படுகிறார். கீழ்ப்படிதல் அதிலிருந்து வருகிறது. அதே சமயம், இயேசு தம் வசனத்தைக் கைக்கொள்ளுகிறவனைக் குறித்து "நாங்கள் அவனிடத்தில் வந்து அவனோடே வாசம்பண்ணுவோம்" என்கிறார் (யோவான் 14:23). வீட்டில் குடியேறுவது ஒன்று. குடியேறினவருக்கு எல்லா அறைகளின் சாவியையும் கொடுத்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது இன்னொன்று. கீழ்ப்படியாமை ஆவியானவரைத் துக்கப்படுத்தும் (எபேசியர் 4:30). அவருடைய வேலையை அவித்துப்போடும் (1 தெசலோனிக்கேயர் 5:19). ஒருவர் விசுவாசத்தையே மறுதலித்து முழுதும் விழுந்துபோக முடியுமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சீர்திருத்த மரபினர் ஒன்று சொல்வார்கள், மெதடிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் வேறு சொல்வார்கள். விழுந்தவுடன் "ஆவியானவர் என்னை விட்டுப் போய்விட்டார்" என்று முடிவுகட்டத் தேவையில்லை என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போவார்கள்.

விக்கிரகம் என்ற சொல்லும் உள்ளே திரும்புகிறது. "விக்கிரகாராதனையான பொருளாசை" என்று கொலோசெயர் 3:5 சொல்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்கு "இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்" என்ற தீராப் பசி என்று பொருள். நகைக்கடைச் சீட்டு, மனை, பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம், ஊழியத்தின் பெயர், செல்போன் திரையில் ஏறும் எண்ணிக்கை: இவற்றில் எதுவும் தன்னளவில் பாவமல்ல. அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தேவனுக்குக் கீழ்ப்படியாமல் போகத் துணியும் நாளில்தான் அது விக்கிரகமாகிறது.

தமிழ்ச் சபைகளைப் பொறுத்தவரை ஒன்றைப் பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும்: சாதி. எபேசியர் 2ஆம் அதிகாரத்தை 14 முதல் 22 வரை தொடர்ச்சியாக வாசித்தால், நடுவே நின்ற பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று தொடங்கி, இரு ஜனங்களும் சேர்ந்து தேவனுடைய வாசஸ்தலமாகக் கட்டப்படுகிறார்கள் என்று முடிகிறது. சுவர் இடிவதும் தேவன் குடியிருப்பதும் ஒரே பத்தி. நம்முடைய வரலாறு என்ன? 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் பலர் சபையை விட்டார்களே தவிரச் சாதியை விடவில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நிறுத்தச் சுவரே இருந்தது. இன்றும் கல்லறைத் தோட்டத்திலும் சம்பந்தம் பேசும்போதும் அந்தச் சுவர் எழும்புகிறது. "சிலைகளை விட்டுவிட்டோம்" என்று சாட்சி சொல்கிற வீட்டில், மருமகளின் சாதி கேட்டு ரட்சிப்பின் ஐக்கியம் நின்றுபோகுமானால், அங்கே நடுவீட்டில் எது உட்கார்ந்திருக்கிறது? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதிலிருந்து விலகியபோது, பவுல் அதைப் பழக்கவழக்கம் என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று எல்லார் முன்னும் கடிந்துகொண்டார் (கலாத்தியர் 2:11-14).

கண்டுபிடிப்பதும் திரும்புவதும்

ஏழு நாள், இரவில் பத்து நிமிடம், ஒரு நோட்டுப் புத்தகம். நாலு வரி எழுதுங்கள்: இன்று எதை நினைத்துப் பயந்தேன், எது கைதவறிப்போனபோது அளவுமீறிக் கோபம் வந்தது, சோர்ந்தபோது ஆறுதலுக்கு முதலில் எங்கே போனேன், எதற்காகப் பொய் சொன்னேன் அல்லது சொல்ல நினைத்தேன். ஏழாம் நாள் படித்துப் பார்த்தால், ஒரே பெயர் மூன்று நான்கு இடத்தில் வரும். அதுதான்.

பிறகு யாக்கோபு செய்ததைச் செய்யுங்கள். பெத்தேலுக்குப் போகும்முன் தன் வீட்டாரிடமிருந்த அந்நிய தேவர்களையும் காதணிகளையும் வாங்கி, சீகேமுக்கு அருகே ஒரு மரத்தின்கீழ் புதைத்தான் (ஆதியாகமம் 35:4). பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. அறிக்கைசெய்யும்போது "என் பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லாமல், பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 1 யோவான் 1:9இன் வாக்குறுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். சகேயு நாலத்தனையாகக் கொடுத்தான். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அங்கே போகச் சொல்கிறார் இயேசு. அதன்பின், உங்களுக்குத் தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கீழ்ப்படிதலை, இந்த வாரத்துக்குள், செய்து முடியுங்கள். பத்து தீர்மானம் எடுப்பவர்கள் பத்தையும் விட்டுவிடுகிறார்கள். காலியான இடத்தில் வேதவாசிப்பும் ஜெபமும் சபை ஐக்கியமும் குடியேற வேண்டும். பெருக்கி ஜோடித்து வெறுமையாக விட்ட வீட்டுக்கு, வெளியேறின ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக மத்தேயு 12 எச்சரிக்கிறது.

இதில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் உணர்ச்சி. பாட்டின்போது உடல் சிலிர்த்தால் பிரசன்னம், சிலிர்க்காவிட்டால் பாவம் என்று அளக்காதீர்கள். யோபு பாவம் செய்ததால் அவருக்கு மௌனம் வரவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பரிசுத்த ஆவியானவர் உணர்த்தும்போது பெரும்பாலும் குறிப்பாக இருக்கும்: இந்தச் செயல், இந்த ஆள், இந்தப் பணம். "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்று மூட்டமாக அமுக்கும் குரலுக்கு அறிக்கை செய்ய ஒன்றுமே இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மறைந்த பாவத்தைத் தோண்டியபடியே மருந்தைத் தள்ளிப்போடுவது கீழ்ப்படிதல் அல்ல. அதேபோல், இந்தப் பாடத்தைப் படித்த கையோடு அடுத்தவர் வீட்டு விக்கிரகத்தைத் தேடப் போகாதீர்கள்.

பிற மதத்தவர் நடுவே வாழும்போது

கொரிந்துவில் கேட்ட கேள்வியை நம் ஊரிலும் கேட்கிறார்கள். படைத்த உணவைச் சாப்பிடலாமா? பவுல் மூன்று சூழலைப் பிரிக்கிறார். விக்கிரகக் கோவிலில் நடக்கும் பந்தியில் பங்குகொள்வது கூடாது (1 கொரிந்தியர் 10:14-22). கடையில் விற்பதை எதையும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் (10:25). அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போகலாம், வைத்ததைச் சாப்பிடலாம். ஒருவன் இது படைக்கப்பட்டது என்று சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதிருக்க வேண்டும் (10:27-29). பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு கொடுத்ததை அவர் கண்முன் குப்பையில் போடச் சொல்லும் வசனம் எங்கும் இல்லை.

வீட்டில் தான் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருப்பவர்கள் 2 இராஜாக்கள் 5ஐ வாசிக்க வேண்டும். எலிசா தீர்க்கதரிசியின் சொற்படி செய்து குஷ்டம் நீங்கின சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தருக்கே அன்றி வேறே தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னான். பிறகு ஒரு சங்கடத்தைச் சொன்னான்: என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை எனக்கு மன்னிப்பாராக. எலிசா நீண்ட விதிமுறை எதுவும் கொடுக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். ஆராதனையில் சேராமலே பெற்றோரைக் கோவில் வாசல்வரை கைப்பிடித்துக் கூட்டிப்போகவும், பண்டிகை நாளில் வீட்டு வேலைகளை மற்ற நாளைவிடக் கூடுதலாகச் செய்யவும் இதில் இடம் இருக்கிறது. வணங்கும் செயலைச் செய்யச் சொன்னால் மட்டும், குரலை உயர்த்தாமல், முடியாது என்று சொல்லுங்கள். தானியேலின் மூன்று சிநேகிதரும் அந்தக் கோட்டில்தான் நின்றார்கள்.

நாகமான் கொஞ்ச தூரம் போனதும், தீர்க்கதரிசியின் வீட்டிலேயே வாழ்ந்த வேலைக்காரன் கேயாசி அவன் பின்னால் ஓடினான். எலிசா கேட்டதாகப் பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியையும் இரண்டு மாற்று வஸ்திரங்களையும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, எஜமானின் முன்பாக வந்து நின்றான். எங்கேயிருந்து வருகிறாய் என்று எலிசா கேட்டபோது, உமது அடியான் எங்கும் போகவில்லை என்றான்.